குழாய் வந்த தெருவில் லாரி வரிசை

எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த அன்று அதற்கு மாலை போட்டோம். ஒரு பக்கம் தேங்காய் உடைத்தார்கள், இன்னொரு பக்கம் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சிரிக்காதீர்கள். பீர்க்கன்கரணை ஏரி எங்களுக்குக் கூப்பிடு தூரம். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து கட்டில் காலை நனைக்கும். ஆனால் குடிக்க ஒரு டம்ளர் கிடையாது. போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வரும். வெள்ளைச் சட்டையை அதில் துவைத்தால் துருப் பிடித்த மாதிரி ஆகிவிடும். சோறு வடித்தால் சோறும் அப்படித்தான். அப்படிப்பட்ட தெருவில் வாசலுக்கே நல்ல தண்ணீர் வந்தால் மாலை போடாமல் என்ன செய்வது?

அதற்கு முன்னால் எல்லாம் தண்ணீர் லாரிதான். லாரி எப்போது வரும் என்று லாரிக்கே தெரியாது. காலையில் வரும், மத்தியானம் வரும், வராமலும் போகும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொம்பளை வெளியே எங்கும் போகாமல் காத்துக் கிடக்க வேண்டும். ஹாரன் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவி இருந்தவரை அவள் ஓடினாள். அவள் போன பிறகு மருமகள். பிளஸ் டூ முடித்த பெண். படித்த படிப்பெல்லாம் லாரி டியூபைப் பிடிக்கத்தான் உதவியது. ஆம்பிளைகள் யாரும் அந்த வரிசையில் நிற்க மாட்டார்கள். யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் நிற்க மாட்டார்கள்.

நான் தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினவன். அந்தக் காலத்தில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. வெங்காய மூட்டையை இறக்கிவிட்டு நேராகப் போய்த் தலையைக் கொடுப்பேன். யார் எவர் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அதே ஸ்டேஷன் வாசலில் தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அது வேறு கதை. யோசித்துப் பார்த்தால் வேறு கதையும் இல்லை.

குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியும்போது தண்ணீர் விட்டார்கள். வேகம் போதாது என்று எல்லோரும் வாசலில் குழி வெட்டி, குழாயைக் குழிக்குள் தாழ்த்தி வைத்தோம். மருமகள் குழி ஓரமாக உட்கார்ந்து டிரம்மை நிரப்பிவிட்டு எழுந்தால் முடிந்தது, அப்புறம் தண்ணீர் பேச்சே இல்லை. கொஞ்ச நாளில் படப்பை பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெருங்களத்தூரில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் வந்து கம்பெனியில் நடந்ததைச் சொல்லிச் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

அப்புறம் தெருமுனை மாடிவீட்டுக்காரர் மோட்டார் வைத்தார். ஏதோ ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். தெருக்குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி, தண்ணீரை உறிஞ்சி மாடி டேங்குக்கு ஏற்றினார். அதைப் பார்த்துப் பக்கத்து வீடு, அதைப் பார்த்து எதிர்வீடு. எங்கள் வீடு தெருவில் கடைசி. எங்கள் குழியில் காற்றுதான் சீறியது. போய்க் கேட்டேன்.

"இன்னா சார் இது? நீங்க உறிஞ்சிக்கினா கடைசி வூட்டுக்கு எப்டி வரும்?"

"நான் மட்டுமா பெரியவரே? எல்லார் வீட்லயும்தான் ஓடுது."

"மொதல்ல வெச்சது யாரு சார்?"

"மாடிக்கு ஏறணும்ல? உங்களுக்கு மாடி இல்ல, சொன்னா புரியாது."

கேட்டைச் சாத்தினார். கார் கழுவின தண்ணீர் கேட்டுக்கு அடியில் வழிந்து வந்து என் செருப்பை நனைத்தது. அப்படியே நின்றேன்.

குடிநீர் ஆபீசில் புகார் சொன்னோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள், வந்தும் பார்த்தார்கள். அன்றைக்கு மட்டும் தெருவில் ஒரு வீட்டிலும் மோட்டார் இல்லை. எல்லோரும் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். யார் சொல்லித் தெரிந்ததோ. கொஞ்ச நாளில் எங்கள் குழியில் தண்ணீர் வந்தது, சாக்கடை நாற்றத்தோடு. குழாய் பார்க்க வந்த ஆள் மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இத்தினி மோட்டார் போட்டு இஸ்தா, பைப்பு ஓட்ட வழியா பக்கத்துல கீற சாக்கடையும்தான் வரும்."

மறுபடியும் லாரி. சாப்பிட உட்கார்ந்தபோது என் மகன் சொன்னான்: "லாரி வர நேரத்துக்கு வூட்ல ஆள் வேணும்பா. அவ வேலைய வுட்டுடட்டும்."

"ஏன், நீ போய் நில்லேன்."

"பொம்பளைங்க லைன்லயா? தெருவே சிரிக்கும்."

மருமகள் கழுத்து அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முனை வீட்டுக்காரர் மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் எனக்கு என் மகன்மேல் வந்தது.

"யாரும் வேலைய வுட வேணாம். கொடம் எங்க கீது? நான் போறேன்."

மறுநாள் வரிசையில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை.

"இன்னா தாத்தா, வழி தப்பி வந்துட்டியா? டீக்கடை அந்தாண்ட கீது."

"மீசைக்கும் கொடத்துக்கும் ஜோடி நல்லாத்தான் கீது!"

"வயசானவருடி, சும்மா இரு. தாத்தா, கொடத்த தள்ளாத, எனக்கு அப்பறம்தான் நீ."

மூட்டை தோளில் ஏறினால் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் அப்படியில்லை. நடக்க நடக்க அதுவும் ஆடி ஆளை இழுக்கிறது. வீடு போய்ச் சேரும்போது பாதி என் வேட்டியில் இருந்தது. இதைத் தூக்கிக்கொண்டுதான் என் வீட்டுப் பெண்கள் இத்தனை காலமும் நடந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்து முனை வீட்டுக்காரரே இரண்டு புதுக் குடத்தோடு லாரிக்கு வந்தார். அவருடைய மாடி டேங்கிலும் சாக்கடை ஏறிவிட்டது. நேராக முன்னால் போய்க் குடத்தை வைக்கப் பார்த்தார்.

"அவசரம்மா. வீட்ல ஒரு சொட்டு இல்ல."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கடைசில போய் நில்லுங்க சார்," என்றேன்.

"என்ன பெரியவரே, நீங்க வந்திருக்கீங்க? மருமக இல்லையா?"

"வேலைக்குப் போயிருக்கு. நீங்க மோட்டார கழட்ற வரிக்கும் நான்தான் வருவேன்."

"கழட்டு சார், கழட்டு!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

அவர் குடங்களைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். மோட்டாரை இன்றுவரை கழற்றவில்லை. மருமகள் காலையில் பஸ் ஏறப் போகிறாள், நான் லாரிக்குப் போகிறேன்.