லயத்து வீட்டை மறைப்பது எப்படி

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்துவிட்டதென்று போனில் பார்த்தபோது, அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு தேவிகுளத்து மழையில் நனைந்து வந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு ரிட்டையர்மென்ட். வீட்டில் ஒருவராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால்தான் கம்பெனி கொடுத்த இந்த லயத்து வீட்டில் குடியிருக்கலாம். எனக்கு வேலை கேட்டு ஆபீசில் சொல்லிவைத்திருந்தாள்.

“அப்படி என்னத்தப் படிக்கப் போற?”

“மெட்டாமெட்டீரியல்னு ஒண்ணு. அதால மூடினா அலையெல்லாம் வளைஞ்சு போயிரும். உள்ள இருக்கிற பொருள் இல்லாத மாதிரி ஆயிரும்.”

“அப்ப ஆபீஸ்காரங்க வீட்டக் காலி பண்ணச் சொல்லி வரும்போது, இந்த வீட்ட மூடி வச்சிரு.”

எனக்குச் சுருக்கென்றது. கிண்டலா, கெஞ்சலா என்று கேட்கப் பிடிக்காமலே ஆய்வில் சேரக் கிளம்பிவிட்டேன்.

ஆய்வகத்தில் ஒரு திருகாணியை மறைக்கவே இன்னும் திணறுகிறேன். அம்மா போடியில் அக்கா வீட்டுச் சமையலறை ஓரத்தில் படுத்துக்கொள்கிறாள்.