தோளுக்கு மேலால் பார்க்கிறவன்

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில், குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் எங்கள் அகதி வழக்கு முடிவில்லாமல் கிடந்தது. தோர்ண்டன் ஹீத்தில் வாடகைக்கு இருந்த வீட்டின் மேலறைக்கு ஒரு ஸ்பானியப் பெடியன் வந்து சேர்ந்தான். உதைபந்தாட்டக்காரன், நடுக்களத்தில் விளையாடுகிறவன். பக்கத்துக் கழகம் அவனைப் பரீட்சித்துப் பார்க்க எடுத்திருந்தது. சாப்பிட முதல் நெற்றியில் சிலுவை போடுவான். கடவுள் பயம் உள்ளவன் என்று நம்பித்தான் அறையைக் கொடுத்தேன்.

ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. குசினியில் தண்ணீர் வார்க்கும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் தோளுக்கு மேலால் இடப்பக்கம் ஒரு தரம், வலப்பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். சண்டை நடந்துகொண்டிருந்த எங்கள் ஊரில் அந்த வருடங்களில் அப்படிப் பார்க்கிறவன் ஒன்றில் தேடப்படுகிறவன், இல்லாவிட்டால் தேடித் திரிகிறவன்.

"இஞ்சாருங்கோ, உவன் குரோய்டன்காரர் விட்ட ஆளோ தெரியேல்லை" என்றாள் மனைவி.

"விசர்க்கதை கதையாதையும். எங்களை வேவு பாக்க ஸ்பெயினிலையிருந்தே ஆள் பிடிக்கினம்?"

"அப்ப ஏன் சுவாமியறைப் பக்கம் எட்டி எட்டிப் பாக்கிறான்? கும்பிடவோ?"

அவளை அதட்டினேனே தவிர, அன்றைக்கே வழக்குக் கடதாசிகளைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவன் கள்ளனோ ஒற்றனோ, பொலிஸ் ஒருநாள் எங்கள் கதவைத் தட்டினால் வழக்கு அதோடு சரி. லூயிஷாம் கோயிலுக்குப் போய், "அப்பனே, இவனை எங்கள் வழியில் இருந்து விலக்கிவிடு" என்று தேங்காய் உடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவனை அறையை விட்டு எழும்பச் சொல்வதென்று முடிவெடுத்தோம்.

வெள்ளிக்கிழமை அவன் ஒரு மைதான டிக்கெட்டை நீட்டினான். "மிஸ்டர், நாளைக்கு வாங்கோ. என்னை வைச்சிருக்கிறதோ அனுப்புறதோ எண்டு நாளைக்குத்தான் பாக்கினம்." இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீசுதான். ஆனாலும் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவனுக்குச் சொல்ல இருந்ததை நினைக்க எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"போட்டு வாங்கோ. உண்மையிலை விளையாடுறானோ எண்டாவது தெரியட்டும்" என்றாள் மனைவி.

போனேன். பந்து எங்கோ தூரத்தில் உருளும்போதே அவன் திரும்பினான். இடம் ஒரு தரம், வலம் ஒரு தரம். பிறகு பந்து காலுக்கு வந்தது. நிமிர்ந்தும் பாராமல் வெறும் புல்லுக்கு அதை அனுப்பினான். எங்கிருந்தோ ஓடி வந்த அவனுடைய அணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு போனான். விளையாட்டு முடியும்வரை அப்படியேதான்.

வரும் வழியில், ஏன் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய் என்று கேட்டேன். அவன் காற்சட்டையைச் சுருட்டி, முழங்காலில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினான். "ஊரிலை ஒரு தரம் பாக்காமல் பந்து வாங்கினன். பின்னாலை ஒருத்தன் நிண்டவன். ஒரு வருசம் படுக்கை."

கழகம் அவனை வைத்துக்கொண்டது. நாங்களும்தான். மனைவி மட்டும் கடதாசிகளைப் பிள்ளையாருக்குப் பின்னால் இருந்து எடுக்க விடவில்லை. "உந்தத் தழும்பு வேறை எதாலையும் வந்திருக்கலாம்" என்பாள்.

அந்த வருடமே குரோய்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்கு முதுகு காட்டி என்னை இருத்தினார்கள். யாரோ உள்ளே வந்த சத்தம். திரும்பினேன். கொஞ்சத்தில் மறுபடியும் திரும்பினேன். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, யாரைத் தேடுகிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். எங்கள் வீட்டுப் பெடியனை நான் பார்த்த அதே பார்வை.

"ஒருத்தரையும் இல்லை ஐயா. பின்னாலை ஆர் எண்டு பாக்காமல் இருக்க ஏலாது. பழகிப்போச்சு" என்றேன்.

அவர் என்னையே பார்த்துவிட்டு எதையோ எழுதினார். பிறகு கதிரையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். கதவு தெரியும்படி இருந்து மிச்சக் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன்.

எங்களை இந்த நாட்டில் இருக்க விட்டார்கள். பெடியன் சில காலம் விளையாடிவிட்டு, முழங்கால் மறுபடி நோகத் தன் நாட்டுக்கே போய்ச் சின்னக் கழகம் ஒன்றில் சேர்ந்தான். புறப்பட்ட அன்று வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். மனைவியும் எட்டிப் பார்த்தாள்.

"ஆரும் நிக்கினமோ?" என்றேன்.

"ஒருத்தரும் இல்லை" என்றாள். ஆனாலும் கதவை உடனே சாத்தினாள்.