ஜெயரட்ணத்தின் ஆடாத மிசின்

மூச்சை அடக்கிக்கொண்டு ஜெயரட்ணம் அந்த இரும்புக் கைபிடியை மெல்லக் கீழே இழுக்கிறார். பாதியில் நிறுத்துகிறார். காதைக் கொடுத்துக் கேட்கிறார். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சம்பந்தி வீட்டுச் சாப்பாட்டில் மயிர் கண்டவரின் துக்கமும் திருப்தியும் ஒன்றாக அவர் முகத்தில் வந்து உட்காருகின்றன. "ஆடுது," என்கிறார், கராஜில் யாரும் இல்லாதபோதும். "திரும்பவும் ஆடுது."

ஆடுவது துவக்குக்கு ரவை, அதாவது தோட்டா, நிரப்புகிற அவருடைய மிசின். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைத் துடைத்து, வெடிமருந்து போட்டு, வாயில் புது ஈயச் சன்னம் பொருத்தி மறுபடியும் ரவையாக்குவது அதன் வேலை. அதற்கெல்லாம் லைசென்ஸ் வைத்திருக்கிறார். துவக்கு ஒரு பூட்டுக்குள், மருந்து இன்னொரு பூட்டுக்குள். மருந்துப் போத்தல் திறந்திருக்கும்போது மனைவி விமலாதேவி கராஜுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். இந்த விஷயங்களில் பொலிசுக்கே பாடம் எடுக்கக்கூடியவர்.

ஊரில் சண்டைக்காலத்தில் சன்னத்துக்குப் பயந்து பங்கருக்குள் வளர்ந்த மனிதர், மெல்பேணின் கிரெய்கிபர்னில் நாலு அறை வீடு வாங்கி, அதன் கராஜில் அதே சாமானை விலை கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொண்டிருக்கிறார். கனடாவிலிருந்து மச்சாள் நாகேஸ்வரி இதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "அது வேற மச்சாள், இது ஸ்போர்ட்ஸ்" என்று முடித்துவிடுவார். முயல் கியல் ஏதாவது விழுந்ததா என்று விசாரிப்பவர்களிடம் துவக்குக் கிளப் போட்டிகளில் எடுத்த புள்ளிகளைச் சொல்லத் தொடங்குவார். ஒன்பது வருடத்தில் அவர் கையால் மாண்டதெல்லாம் காகித வட்டங்கள்தான்.

வேலை கம்பல்ஃபீல்டில், கரவன் வண்டிகள் செய்கிற ஒரு தொழிற்சாலையில். மற்றவர்கள் இறுக்கிய நட்டுகளை இவர் இறுக்கிப் பார்ப்பார். சரியென்றால் நட்டையும் அதன் கீழுள்ள தகட்டையும் சேர்த்து மஞ்சள் பேனையால் ஒரு கோடு இழுப்பார். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை என்று அர்த்தம். கோடு விலகியிருந்தால் யாரோ வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை. அந்த 'யாரோ' இதுவரை ஒருநாளும் ஜெயரட்ணமாக இருந்ததில்லை.

மஞ்சள் பேனை வீட்டுக்கும் வருகிறது. குசினிக் குழாய், கதிரைக் கால்கள், கொமேட் மூடி, சாமியறையில் தொங்கும் விளக்கின் கொக்கி, எல்லாவற்றிலும் ஒரு கோடு. வருகிறவர்கள் ஏதோ வாஸ்து என்று நினைத்துப் பேசாமல் போய்விடுகிறார்கள். "இந்த மனிசன் என்ர நெத்தியில மட்டுந்தான் கீறேல்லை," என்பாள் விமலாதேவி.

அப்படிப்பட்ட மனிதரின் சொந்த மிசின்தான் கிழமைக்கு ஒருமுறை கழன்றுகொள்கிறது. சன்னம் கோதுக்குள் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை, மிசினின் தலையில் திருகியிருக்கும் ஓர் உருளை தீர்மானிக்கிறது. அதைப் பிடித்து வைத்திருக்கும் வளையம் கொஞ்சம் இளகினாலும் சன்னம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். போன இரண்டு போட்டிகளிலும் ஒவ்வொரு ரவை அப்படித் துவக்குக்குள் போக மறுத்தது. கிளப்பில் பாதுகாப்புக்குப் பொறுப்பான கிழவர் ட்ரெவர் இரண்டையும் கையில் உருட்டிப் பார்த்தார். "இன்னொன்று இப்படி வந்தால், ஜெய், பிறகு நீ கடையில் வாங்குகிற ரவைதான் சுடலாம்," என்றார்.

கடை ரவை! அதைச் சுடுகிறவர்களைப் பற்றி ஜெயரட்ணம் ஒன்பது வருடமாகச் சொல்லிவந்ததையெல்லாம் கிளப்பில் ஒருவரும் மறந்திருக்கவில்லை. "கடையில வாங்கின பக்கெட் மாவில தோசை சுடுற கூட்டம்" என்று அவர் ஒருமுறை ஆங்கிலத்தில் விளக்கப்போய், அதற்கே அரை மணித்தியாலம் எடுத்திருந்தது.

ஆகவே விசாரணை ஆரம்பமாயிற்று. முதலில் மெல்பேண் குளிரில் இரும்பு சுருங்குகிறது என்று கண்டுபிடித்தார். ஹீட்டர் வந்தது, அப்போதும் வளையம் கழன்றது. பிறகு திருகுப் புரியில் குறை, வொஷரில் குறை, கடைசியில் அந்த மிசினைச் செய்த கொம்பனியிலேயே குறை என்று முடிவுக்கு வந்து தொலைபேசி எடுத்தார். மறுபக்கத்தில் பொறுமையான ஒரு பெண்குரல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மேசையில் வேறு ஏதாவது அதிர்வு இருக்கிறதா, சேர்?" என்றது.

"ஒரு அதிர்வும் இல்லை," என்றார் ஜெயரட்ணம்.

தொம், என்றது மேசை.

அதே மேசையின் மறுநுனியில் மரக்குற்றியை வைத்து விமலாதேவி ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் வெட்டித் தருகிற துண்டு அவளுக்குப் பெரிசு. "உது நாய்க்குப் போடுற அளவு," என்று சனி, ஞாயிறுச் சமையலுக்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எலும்போடு கொண்டுவந்து, பாதி விரல் அளவுக்கு மறுபடியும் கொத்துவாள். வீட்டுக்குள் வெட்டினால் புதுக் கல்மேசை வெடித்துவிடும் என்று அவளைக் கராஜுக்கு அனுப்பியதும் ஜெயரட்ணம்தான்.

"அது என்ன சத்தம், சேர்?"

"பக்கத்து வீட்டில கட்டட வேலை."

கொம்பனி மன்னிப்புக் கேட்டு, புது வளையம் ஒன்றை இலவசமாக அனுப்பிவைத்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் விமலாதேவி கத்தியைத் துடைத்தபடி, "நான் கொத்தேக்க உங்கட மிசினும் தலையாட்டுது. கண்டனீங்களோ?"

"உமக்கு இது விளங்காது. இது எஞ்சினியரிங்."

"ஓம், ஓம். எனக்கென்ன விளங்கும்."

அடுத்த கிழமை அவள் மகள் தர்சினியைப் பார்க்க சிட்னிக்குப் போனாள். இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையும் வளையம் மயிரளவும் அசையவில்லை. ஜெயரட்ணம் பரீட்சைக்காக மருந்தில்லாத இருநூறு கோதுகளில் சன்னத்தை அழுத்திப் பார்த்தார். வளையத்தில் போட்ட மஞ்சள் கோடு நேரே நின்றது. புது வளையத்தின் வெற்றி என்று ட்ரெவருக்குப் படம் எடுத்து அனுப்பினார். உறைந்த பிட்டும் முட்டையுமாகச் சாப்பிட்டு மெலிந்துபோனாலும், மனிதர் சந்தோஷமாக இருந்தார்.

விமலாதேவி வியாழக்கிழமை வந்தாள். வெள்ளிக்கிழமை ஐந்து கிலோ வெட்டினாள். சனிக்கிழமை காலை ஜெயரட்ணம் கராஜுக்குள் போய் லைட்டைப் போட்டார். கோடு விலகியிருந்தது.

மறுநாள் போட்டி. நாற்பது ரவை இனித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கப் போவதாக ட்ரெவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். ஜெயரட்ணம் மேசையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை பார்த்தார். பிறகு மறுநுனியிலிருந்து இந்த நுனிவரை பார்த்தார். இந்த ஆராய்ச்சிக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. முதல் ஆராய்ச்சிக்கு மூன்று மாதம் எடுத்திருந்தது.

வளையத்தை இறுக்கி, புதுக் கோடு போட்டு நிமிர்ந்தபோது கதவடியில் விமலாதேவி நின்றாள். ஒரு கையில் சட்டி, மறுகையில் கத்தி. "பின்னேரம் யோகாக்கா குடும்பம் சாப்பாட்டுக்கு வருதெல்லோ. நேற்று வெட்டினது காணாது. இன்னும் மூண்டு கிலோ கிடக்கு. நீங்கள் மருந்தைத் திறந்திட்டியளோ?"

"இல்லை."

"அப்ப நான் வெட்டட்டோ?"

ஜெயரட்ணம் மிசினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். சொல்ல வேண்டிய வசனம் மிகவும் சின்னது: நீர் சொன்னது சரி. அதற்குப் பதிலாக மஞ்சள் பேனையை மூடிச் சட்டைப்பையில் போட்டார்.

"தாரும்," என்று கையை நீட்டினார்.

"என்னத்தை?"

"கத்தியை. நான் வெட்டுறன்."

முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் இல்லாத புதுமை. விமலாதேவி கத்தியைக் கொடுத்தாள், சட்டியையும் கொடுத்தாள். அவர் மரக்குற்றியை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு ரோலர் கதவின் பொத்தானை அமத்தினார். மெல்பேணின் ஆடி மாதக் குளிர் முழுவதும் ஒன்றாக உள்ளே வந்தது.

"எங்க கொண்டுபோறியள்?"

"வெளியில. உள்ள ஒரே வெக்கையாக் கிடக்கு."

வெளியே ஆறு டிகிரி. விமலாதேவி உள்ளே போய் அவருடைய கம்பளித் தொப்பியை எடுத்துவந்து தலையில் மாட்டி, காதுவரை இழுத்துவிட்டாள்.

ஜெயரட்ணம் டிரைவ்வேயில் ஒரு பால் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். நாயோடு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் கத்தியைக் கண்டு தெருவின் மறுபக்கம் மாறினார். ஜெயரட்ணம் அவருக்கு மரியாதையாகத் தலையசைத்தார். எலும்புத் துண்டு ஒன்றைக் குற்றியில் நிறுத்தி, கத்தியை ஓங்கி ஒரு போடு போட்டார். உடனே கழுத்தைத் திருப்பி, திறந்த கதவினூடாக மேசையிலிருந்த மிசினை உற்றுப் பார்த்தார். பிறகு அடுத்த துண்டை எடுத்து வைத்தார்.