நஸ்ரீன் சொன்ன படங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மகள் டிவியில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் படம் போட்டாள். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். ரிமோட்டில் எதையோ அமுக்கினாள். பனியில் நின்று அழுதுகொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாள் சட்டென்று தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். "நான் மிகவும் மனமுடைந்து போயிருக்கிறேன்" என்றார். சுத்தமான தமிழ், செய்தி வாசிப்பது மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவங்க அழுவறாங்க, நீ இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?" என்றாள் மகள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? என் காதில் அந்த அம்மாள் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ரொம்ப பேஜாரா கீதுடி" என்றுதான் அவர் சொல்லியிருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் உலகத்தில் உள்ள அத்தனை பேரும் அப்படித்தான் பேசினார்கள். ரஷ்யாக்காரர், ஜப்பான்காரர், ராணுவ அதிகாரி, பாதிரியார், எல்லாரும் ஆம்பூர்த் தமிழ்தான். எல்லாருக்கும் ஒரே குரல். அது நஸ்ரீனின் குரல்.

நான் வேலூரில் பி.ஏ. வரலாறு படித்தவள். முதன்மைப் பாடம் வரலாறு என்றால், கூடவே மைனர் என்று சின்னதாக இன்னொரு பாடமும் எடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர், சுற்றுலா, உலக சினிமா என்று மூன்று வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடவே எனக்குப் பயம். சுற்றுலாவில் இடம் நிரம்பிவிட்டது. சினிமாதானே, பார்த்தால் போதாதா என்று மூன்றாவதில் பெயர் கொடுத்துவிட்டேன். எவ்வளவு பெரிய அறிவாளி பாருங்கள்.

எங்கள் கிராமம் வேலூர்ப் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊரையொட்டி இருக்கிறது. நிலக்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம். வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். என் அண்ணன் விஷயம் தெரிந்ததும், "சினிமா பாக்கறதுக்கு இன்னாத்துக்கு வேலூர் போவணும்? இங்கியே பாக்கலாமே" என்றான். அப்பா அவனை அடக்கினார். "அவ எத்தப் படிச்சா இன்னா, பாஸ் பண்ணா சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பண்ணலன்னா நின்னுடட்டும்" என்றும் சொன்னார். அப்பா கோபமாகச் சொன்னால் மறந்துவிடுவார். அமைதியாகச் சொன்னால் செய்துவிடுவார். அன்றைக்கு அமைதியாகத்தான் சொன்னார்.

இப்போதும் செருப்புத் தைக்கிறவர் கடையைத் தாண்டும்போது சொல்யூஷன் பசை வாசனை வந்தால் எனக்குப் படம் பார்க்கிற ஆசை வந்துவிடும். காரணம் இருக்கிறது. வியாழக்கிழமை மதியம்தான் எங்கள் சினிமா வகுப்பு. மாடியில் ஒரு நீள அறை, பெரிய பெரிய ஜன்னல்கள். அந்த வெளிச்சத்தில் திரையில் ஒன்றுமே தெரியாது. ஆம்பூரிலிருந்து வருகிற பிள்ளைகள் சிலர், தங்கள் வீட்டு ஆட்கள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனிகளில் கேட்டு, மிச்சம் விழுந்த கறுப்பு லைனிங் துணிகளை வாங்கி வந்தார்கள். அவற்றை ஒன்றோடொன்று சொல்யூஷன் போட்டு ஒட்டித்தான் ஜன்னல்களை மூடினோம். கதவைச் சாத்தினால் ஷூவுக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரியே இருக்கும். அந்த வாசனையில்தான் நான் உலகத்தைப் பார்த்தேன்.

முதல் வாரம் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. விழித்தேன் என்று சொல்லலாம். ஆங்கிலத்துறையிலிருந்து வந்த ஜெயசீலன் சார், மெலிந்த மனிதர், துணிப்பையிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்துப் போட்டார். "படம் பேசும்போது நாம பேசக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஏதோ ஒரு மொழி. கீழே ஆங்கில எழுத்து. நான் தமிழ்வழியில் படித்து வந்தவள். முதல் சொல்லைக் கூட்டிப் படிப்பதற்குள் எழுத்து போய் அடுத்த எழுத்து வந்து நின்றது. அதில் முதல் சொல்லைப் பிடித்தால் அதுவும் போயிற்று. மேலே முகங்கள், கீழே எழுத்து. இரண்டையும் தவறவிட்டேன். அப்பா அமைதியாகச் சொன்னது ஞாபகம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தபோதுதான் பக்கத்திலிருந்து முணுமுணுப்பு கேட்டது.

"தோட்டத்துல யாரோ நிக்கிறான்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அவன் இனிமே வரமாட்டான், நீ கதவ சாத்துன்னு அம்மாக்காரி சொல்றா."

திரும்பிப் பார்த்தேன். தலையில் துப்பட்டா போட்டிருந்த ஒரு பெண். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். வகுப்பு முடிந்ததும்தான் பெயர் கேட்டேன்.

"நஸ்ரீன். ஆம்பூரு. நீ முழிக்கிறத பாத்தேன், பாவமா இருந்துச்சு" என்றாள்.

அவள் கான்வென்டில் படித்தவள். ஆங்கிலம் தண்ணீர்பட்ட பாடு. வீட்டில் உருது. தமிழ் தெருவில் கற்றது. அதனால் அவள் வாயில் விழுந்த உலகத் தமிழ் கொஞ்சம் விசேஷமாக இருக்கும். அரண்மனை மாதிரி வீட்டில் இருக்கிற சீமாட்டி வேலைக்காரனைப் பார்த்து, "ஜாஸ்தி பேசாத, போய் குதிரைக்குத் தண்ணி காட்டு" என்பாள். சாகக் கிடக்கிற சிப்பாய் பக்கத்தில் இருப்பவனிடம், "தோஸ்த், எங்க வூட்ல சொல்லிடு" என்பான். ஒரு படத்தில் கதாநாயகன் பாலத்தின் மேல் நின்று பக்கம் பக்கமாகப் பேசுகிறான். நஸ்ரீன் எல்லாவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிறியான்னு கேக்கறான்" என்று முடித்துவிட்டாள்.

இத்தனைக்கும் அவள் அதுவரை எந்தத் தியேட்டருக்குள்ளும் கால் வைத்ததில்லை. அவர்கள் வீட்டில் சினிமாவுக்குப் போகிற வழக்கம் இல்லை. இந்தப் பாடத்தில் சேர்கிறேன் என்று சொன்னபோது அவளுடைய அப்பா யோசித்துவிட்டு, "படிப்புன்னா படி. வெளிய போய் பாக்காத" என்றாராம். அதனால் வியாழக்கிழமை அவளுக்கு ஈத் மாதிரி. மதியச் சாப்பாட்டில் குஷ்காவும் கத்திரிக்காய் பச்சடியும் கொஞ்சம் கூடவே கொண்டுவருவாள். நான் கொண்டுபோகிற வேர்க்கடலைத் துவையலை அவள் காலி செய்வாள். படம் முடிந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துகொண்டே வசனங்களை மறுபடி பேசிக் காட்டுவாள். என் அணைக்கட்டு பஸ் முதலில் வரும். "ஏறாத, அடுத்ததுல போ, கிளைமாக்ஸ் இன்னும் கீது" என்று பையைப் பிடித்து இழுப்பாள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பரீட்சை வந்தது.

சாரின் பரீட்சை ஒரு தினுசு. அதுவரை பார்க்காத ஒரு படத்தைப் போடுவார். பார்த்துவிட்டு அங்கேயே எழுத வேண்டும். தமிழில் எழுதலாம், அதில் அவர் தாராளம். ஆனால் பேசக் கூடாது. அன்றைக்கு எல்லாரையும் மாற்றி மாற்றி உட்கார வைத்தார். நஸ்ரீன் முன்வரிசையில். நான் ஜன்னல் ஓரம், கறுப்புத் துணிக்குப் பக்கத்தில்.

விளக்கை அணைத்தார்கள். ஒரு ரயில் வந்து நின்றது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி பெட்டியோடு இறங்கி ஒருவனிடம் ஏதோ கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். கீழே எழுத்து வந்தது, போனது. என் காதுப் பக்கம் காலியாக இருந்தது. அந்த வருஷத்தில் என் ஆங்கிலமும் கொஞ்சம் தேறியிருக்கும் என்றுதான் நம்பியிருந்தேன். தேறவில்லை. வீட்டில் போய் என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது முன்வரிசையில் நஸ்ரீன் எழுந்து நின்றாள்.

"சார், ஒரு நிமிஷம்."

சார் படத்தை நிறுத்தினார். "என்னம்மா?"

"அவளுக்கு நான் சொன்னாத்தான் சார் படம் புரியும். பக்கத்துல போய் உக்காரட்டுமா?"

கையை நீட்டி என்னைக் காட்டினாள். அத்தனை தலைகளும் திரும்பின. அந்தக் கறுப்புத் துணியைக் கிழித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் குதித்துவிடலாம் போல இருந்தது.

"பரிட்சையில பேசலாமாம்மா?" என்றார் சார்.

"பதில் சொல்ல மாட்டேன் சார். கீழ வர்ற எழுத்த மட்டும் சொல்றேன். நான் சொல்லலன்னா அவ ஃபெயிலாயிடுவா. வூட்ல நிறுத்திடுவாங்க சார்."

அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து அன்பு குரல் கொடுத்தான். குடியாத்தத்துப் பையன், எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவன். எங்களை வைத்து ஏதோ கேலி செய்யப் போகிறான் என்று குறுகிப்போனேன்.

"சார், சொல்றதுதான் சொல்லுது, கொஞ்சம் சத்தமா சொல்லச் சொல்லுங்க சார். வாரா வாரம் பின்னாடி பாதிதான் கேக்குது."

வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. மெதுவாக முன்னால் வந்து, "வேற யாருக்கெல்லாம் வேணும்?" என்று கேட்டார்.

முதலில் ஒரு கை. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு அங்கங்கே. கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியிருந்தது. எனக்கு அது இன்னமும் கண்ணிலேயே நிற்கிறது. அணைக்கட்டு, பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் என்று பஸ் பிடித்து வந்த பிள்ளைகள் எல்லாரும் என்னை மாதிரியே விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். என்னை மாதிரியே அந்த முணுமுணுப்புக்குக் காதைச் சாய்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் மக்கு என்று அத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் போட்டார். "உட்காரும்மா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு" என்றார். படத்தை முதலிலிருந்து ஓட்டினார்.

கடலுக்குப் போன மகனைத் தேடி ஒரு அம்மா துறைமுகத்து ஊருக்கு வருகிற கதை அது. தேடித் தேடி, கிடைக்காமல், கடைசியில் அங்கேயே தங்கிவிடுகிறாள். நஸ்ரீன் அன்றைக்குத் தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னாள். நான் பக்கம் பக்கமாக எழுதினேன். பாஸ் பண்ணினேன். அதற்குப் பிறகு எல்லா வியாழக்கிழமையும் அவளுக்கு அந்த நாற்காலிதான். அப்பா என்னை நிறுத்தவில்லை. பி.எட். வரைக்கும் படிக்க வைத்தார். இன்றைக்குப் பள்ளிகொண்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நடத்திச் சம்பளம் வாங்குகிறேன் என்றால், அன்றைக்கு முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றதால்தான். வேறு எப்படிக் கணக்குப் போட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது.

டிவியில் அந்த அம்மாள் அழுத மறுநாளே நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். அவள் ஆம்பூரில்தான் இருக்கிறாள். ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். "போன்ல இன்னா பேச்சு, வூட்டுக்கு வா" என்றாள். சனிக்கிழமை போனேன். சாப்பிட்டு முடித்து, பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தத் துறைமுகத்துப் படத்துக்கு வந்தது. அந்த அம்மா கடல் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழத்தை உரித்து உரித்துப் பக்கத்துக் காலி இடத்தில் வைப்பாளே, அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை என்றேன்.

"ஆரஞ்சா? எப்ப?" என்றாள் நஸ்ரீன்.

"கடைசியிலடி. பேச்சே இல்லாம ரொம்ப நேரம் வருமே."

அவள் யோசித்தாள். பிறகு சிரித்தாள். "நான் எங்கடி படம் பாத்தேன்? எழுத்துதான பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"கீழ இருந்து கண்ண எடுத்தா அடுத்த வரி போயிடும். பேச்சு இல்லன்னாலும் எப்ப வரும்னு அங்கியே பாத்துக்கினு இருப்பேன். உனக்குச் சொல்லணும்ல. அதான் எனக்கு மார்க் கம்மி. காட்சியப் பத்தி எழுதுன்னா இன்னா எழுதறது?"

வருத்தமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்பு கம்மி என்பது மாதிரிதான் சொன்னாள். அத்தனை முகங்களையும் கடலையும் பனியையும் எனக்குக் கொடுத்துவிட்டு, அவள் கீழே ஓடிய வரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உடனே அந்தப் படத்தைப் போனில் தேடினோம். கிடைக்கவில்லை. பெயர் எங்களுக்குத் தெரிந்தால்தானே? நாங்கள் அதை 'துறைமுகத்து அம்மா' என்றுதான் சொல்வோம். சார் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரோடு துணிப்பையும் போயிற்று. அந்தப் பாடத்தையே காலேஜில் எடுத்துவிட்டார்களாம். நீள அறையை மூன்றாகத் தடுத்து ஆபீஸ் ஆக்கியிருக்கிறார்கள்.

"சரி, நீ சொல்லு" என்றாள் நஸ்ரீன். கண்ணை மூடிக்கொண்டாள்.

சொன்னேன். ரயில் வந்து நின்றது, பெட்டியோடு இறங்கிய அம்மா, ஈரமான கல் தெரு, வலை காய்கிற கம்பங்கள். "அந்தம்மா இன்னா கலர் போட்டிருக்கும்?" என்று கேட்டாள். "பழுப்பு கவுனு, மேல ஆம்பள கோட்டு ஒண்ணு. மகனோடதா இருக்கும்" என்றேன். நான் முகத்தைச் சொல்லச் சொல்ல, அவளுக்கு அந்த இடத்து வசனம் வார்த்தை பிசகாமல் வந்தது. ஆரஞ்சு உரிக்கிற இடத்துக்கு வந்தபோது, "ஆங், அதுக்கு முன்னாடி ஒருத்தன் எழுந்து வூட்டுக்குப் போன்னு சொல்வான். அதுக்கு அந்தம்மா, 'வந்தா பசியோட வருவான்'னு சொல்லும்" என்றாள். அந்த வசனத்தை நான் சுத்தமாக மறந்திருந்தேன். இருவருமாகச் சேர்ந்து மதியம் முழுக்க அந்தப் படத்தை அப்படியே ஓட்டிப் பார்த்துவிட்டோம்.

ஒரு இடம் மட்டும் வரவில்லை. அந்த மகன் வீட்டைவிட்டு ஏன் போனான்? அம்மா யாரிடமோ அதைச் சொல்வாள், அது எங்கள் இருவருக்கும் தெரியும். யாரிடம் சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. என்ன சொன்னாள் என்று நஸ்ரீனுக்கு ஞாபகம் இல்லை. டீ ஆறும் வரைக்கும் யோசித்தோம். அது போயே போய்விட்டது.