ஒரு வாய்ப் பால்

அப்பா இறந்தபோது, பாடையைத் தன் காட்டு வழியாகக் கொண்டுபோகப் பெரியப்பா விடவில்லை. இருவருக்கும் நீண்ட நாள் வரப்புத் தகராறு. கொட்டும் மழையில் நாமக்கல் ரோடு வழியாகச் சுற்றித்தான் சுடுகாட்டுக்குப் போனோம். கடந்து போன லாரிகள் சேற்றை வாரி இறைத்தன. அப்பாவின் முகத்திலும் பட்டது. அன்று நான் அழவில்லை. இந்தப் பெரியப்பாவின் சாவைப் பார்க்காமல் ஓயக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் பெரியப்பாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவர் மகள் போன் செய்தாள்.

"ஆருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தா உசுரு போகாதுங்கறாங்க, அண்ணா. ஊட்டுக்கு வந்து ஒரு வாய்ப் பால் ஊத்தீட்டுப் போங்க."

போனேன். பால் டம்ளரை என் கையில் கொடுத்தாள். பெரியப்பாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. வாயைத் திறந்தார்.

நான் குனிந்து அவர் காதில், "அவசரமில்லீங்க பெரியப்பா. இன்னுங் கொஞ்ச நாள் இப்படியே கெடங்க," என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

நான் பஸ் ஏறுவதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. என் பாலுக்காக அது காத்திருக்கவில்லை. அவரை அத்தனை சுலபமாக விட்டுவிட்டதற்காக, சாவின் மீதும் எனக்கு இப்போது கோபம்தான்.