காணி விற்காத தீவுக்கு நாங்கள் போன கதை

சென்ற ஒக்டோபரில் பத்து நாள் ரரோட்டோங்காவில் இருந்துவிட்டு வந்தேன். நியூசிலாந்துக்கு வடகிழக்கே, பசிபிக் கடலுக்கு நடுவில் இருக்கும் குக் தீவுகளில் பெரியது அதுதான். பெரியது என்றதும் பயந்துவிடாதீர்கள். தீவைச் சுற்றிவரும் வீதி முப்பத்திரண்டு கிலோமீற்றர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் இருந்த என் வீட்டிலிருந்து ஸ்காபரோ அலுவலகத்துக்குத் தினமும் கார் ஓடிய தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இடத்தைத் தெரிவுசெய்தது நானில்லை, என் மனைவி யோகம். நான் இருபத்திரண்டு வருடமாக வீடு விற்கும் முகவர். சோற்றில் கை வைத்தால் போன் அடிக்கும். ஒருநாள் எங்கேயோ வாசித்துவிட்டு வந்து அவள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, காணி விக்கவும் ஏலாது, வாங்கவும் ஏலாது எண்டு ஒரு தீவு இருக்காம். அங்கை போனாத்தான் உங்கட போன் வாய் மூடும்." அடுத்த வருடம் போவோம் என்றேன். அந்த அடுத்த வருடம் வருவதற்குள் அவள் போய்விட்டாள். நான் புறப்பட்டபோது பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது.

சூட்கேஸைவிடப் பாரமான ஒன்று என் போனில் இருந்தது. விட்பி வீட்டை விற்பனைக்குப் போட்டிருந்தேன். நாலு அறை, ஒரு மனிதன். மகள் தர்ஷி மிசிசாகாவில் குடும்பமாக இருக்கிறாள். நான் புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் நல்ல விலை எழுதித் தந்தது. வெள்ளி இரவு ஒன்பது மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். விற்பதென்றால் வக்கீல் அனுப்பிய இன்னொரு கடிதத்திலும் ஒப்பமிட வேண்டும். வீட்டு உறுதிப் பத்திரத்தில் இருவரின் பெயர் இருக்கிறது, இறந்தவரின் பெயரை நீக்கிவிடுங்கள் என்று கேட்கும் கடிதம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன், "அது சும்மா பேப்பர் வேலை அக்கா, ரெண்டு நிமிசம்" என்று. இப்போது என் முறை. விமான நிலையத்தில் மட்டும் அதை ஆறு தரம் திறந்து மூடினேன்.

பயண விபரம் கேட்பவர்களுக்கு: ரொறன்ரோவிலிருந்து வன்கூவர் ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ஓக்லாந்து பதினாலு, ஓக்லாந்தில் நாலு மணித்தியாலக் காத்திருப்பு, பிறகு இன்னும் நாலு. டிக்கெட் 2,870 கனேடிய டொலர். ஓக்லாந்தில் செவ்வாய் மதியம் ஏறி, தீவில் திங்கள் மாலை இறங்கினேன். இடையில் திகதிக் கோடு இருக்கிறது, ஒருநாள் சும்மா திரும்பக் கிடைக்கும். அதை யாரோடு செலவழிப்பது என்றுதான் தெரியவில்லை.

விமான நிலைய வாசலில் விடுதிக்காரி மெரே இரண்டு பூமாலையோடு நின்றார். அறுபது வயதிருக்கும். ஒன்றை என் கழுத்தில் போட்டுவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவர் பேசியது ஆங்கிலம், நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"மற்ற ஆள் எங்கை?"

"நான் மட்டும்தான்."

"நாங்கள் வாறம், நாங்கள் மீன் இறைச்சி சாப்பிடுவம் எண்டெல்லோ எழுதினனீங்கள்?"

அட கடவுளே! தனி ஆளென்றாலும் நாங்கள் "எங்கட வீடு", "நாங்கள் விட்பியிலை இருக்கிறம்" என்றுதானே சொல்லுவோம். அதே வாயால் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னேன். மெரே இரண்டாவது மாலையையும் என் கழுத்திலேயே போட்டார். அறைக்குப் போனால் இரண்டு துவாய், இரண்டு கோப்பை, இரட்டைக் கட்டில். அன்று அந்தக் கட்டிலின் ஒரு ஓரத்தில்தான் படுத்தேன்.

தீவின் அமைப்பு இதுதான். நடுவில் மலை, விளிம்பில் தட்டையான நிலம், பிறகு ஆழமில்லாத கடல் நீரேரி, அதற்கப்பால் அலை உடைகிற பவளப்பாறை. பழைய காணி எல்லைகள் கேக் வெட்டினமாதிரி மலை உச்சியிலிருந்து பாறை வரை போகின்றன. ஒவ்வொரு துண்டிலும் மலைத் தண்ணீரும் கிழங்குத் தோட்டமும் வீட்டு நிலமும் மீனும் இருக்கும். காணி குடும்பத்துக்குச் சொந்தம், விற்க முடியாது. குத்தகைக்குக் கொடுக்கலாம், அதுவும் கூடியது அறுபது வருடம். எனக்குத் தொழில் தோஷம் விடுமா? காலைச் சாப்பாட்டில் கேட்டேவிட்டேன், "இந்தத் துண்டு எவ்வளவு போகும்?"

"எங்கை போறது? இஞ்சைதான் கிடக்கும்" என்றார் மெரே.

தீவில் இரண்டு பஸ். ஒன்று வலமாகச் சுற்றும், மற்றது இடமாக. ஒருவழிக்கு ஐந்து நியூசிலாந்து டொலர். புதன்கிழமை மாறி ஏறிவிட்டேன். சாரதியிடம் சொன்னால், "இறங்காதையுங்கோ, எப்பிடியும் உங்கட வாசலுக்கு வருவம்" என்றார். ஐம்பது நிமிடம் சுற்றினோம். வீட்டுக்கு வீடு முற்றத்தில் வெள்ளையடித்த கல்லறைகள், சிலவற்றுக்குக் கூரைகூட. ஒன்றின் தூணில் உடுப்புக் கொடி கட்டியிருந்தார்கள். "அங்கை பாருங்கோப்பா" என்று யோகம் என் முழங்கையில் இடிக்க வேண்டிய இடம் அது. பக்கத்து இருக்கையில் என் தொப்பி மட்டும் இருந்தது.

வெள்ளி வந்தது. ரொறன்ரோ இரவு ஒன்பது என்றால் அங்கே பிற்பகல் மூன்று. ஒரு மணிக்கு வெளியே வந்தேன். மெரே தூரிகையால் முற்றத்துக் கல்லறைகள் இரண்டையும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தகப்பனும் தகப்பனின் தங்கையும்.

"இப்ப காணி உங்கட பேரிலையோ?" என்றேன்.

"இல்லை, இன்னும் இவை ரெண்டுபேரின்ரை பேரிலைதான். கோர்ட்டுக்குப் போய் எங்கட பேரைப் போடவேணும். நாங்கள் அஞ்சு பேர். மற்ற நாலு தம்பிமாரும் ஓக்லாந்திலை."

எனக்குப் பொறாமையாக இருந்தது. "குடுத்து வைச்சனீங்கள். இறந்தவையின்ரை பேரை ஒருத்தரும் எடுக்கச் சொல்லேல்லை."

மெரே தூரிகையை வாளிக்குள் போட்டார். "செத்தவையாலை எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. உயிரோடை இருக்கிறவைதான் வருகினமில்லை."

பிறகு என்னைப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தம்பிமாருக்கென்று கட்டிய வீடு பூட்டிக் கிடந்தது. வெள்ளிக்கு வெள்ளி கதவு ஜன்னல்களைத் திறந்து, கூட்டி, மூடுவாராம். அன்றும் அதைத்தான் செய்தார். நானும் ஒரு தும்புத்தடியை எடுத்துக் கூட்டினேன். ஆளில்லாத அறைகளின் மணம் எனக்கு நன்றாகத் தெரிந்த மணம். விட்பியில் சனிக்குச் சனி நானும் நாலு அறையையும் திறந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பிறகு மூடுகிறேன். காணி விற்காத ஊரில் ஆட்கள் நிற்பார்கள் என்று நினைத்து வந்தவன் நான். இங்கேயும் ஒரு மனுசி தனியாக ஜன்னல் திறக்கிறா. என் யோகத்தின் பெயரையும் ஒரு வெறும் வீட்டுக்குக் காவலாக அல்லவா விட்டு வைத்திருந்தேன்?

இரண்டு நாற்பதுக்குக் கல்லறைக்குப் பக்கத்துத் திண்டில் குந்தியிருந்து, விலைப் பத்திரம், வக்கீல் கடிதம் இரண்டிலும் போனிலேயே ஒப்பமிட்டேன். உண்மையாகவே இரண்டு நிமிடம்தான். பிறகு விக்கி விக்கி அழுதேன். மெரே பார்த்தும் பாராததுபோல வாளித் தண்ணீரை ஊற்றினார். தர்ஷி அழைத்தாள்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

"இல்லைப் பிள்ளை. ஆனா அம்மான்ரை பேரை எடுத்தாச்சு."



இப்போது ஸ்காபரோ அஜின்கோர்ட்டில் ஒற்றை அறை அப்பார்ட்மென்டில் இருந்து இதை எழுதுகிறேன். போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மே முதல் ஒக்டோபர் வரை போங்கள், மழை குறைவு. செலவு நியூசிலாந்து டொலரில். என் அறை ஒரு இரவுக்கு 140. பஸ்ஸில் ஏறுமுன் வலமா இடமா என்று பாருங்கள். எங்கும் விற்பனைப் பலகை தேடாதீர்கள். விடுதிக்கு எழுதும்போது ஆட்களைச் சரியாக எண்ணி எழுதுங்கள், "நாங்கள்" என்று எழுதினால் என்ன நடக்கும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. வரும்போது பூமாலை போடுகிறவர்கள், போகும்போது சிப்பிமாலை போட்டு அனுப்புவார்கள். மெரே எனக்கு இரண்டு போட்டார், இந்தமுறை தெரிந்தேதான். ஓக்லாந்தில் மாறும்போது சிப்பியைக் கட்டாயம் சுங்கப் படிவத்தில் காட்டுங்கள். அங்கே அதிகாரி இரண்டு மாலையையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டும் உங்களுடையதா?" என்று கேட்டார்.

"எங்களுடையது" என்றேன். அவரும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.