ஐந்தாவது நாட்டுக்கு ஒரு வீடியோ

மீமிசல் கடைத்தெருவில் பஸ் பஞ்சராகி நிற்கிறது. டீ கிளாசோடு பக்கத்துப் பள்ளி மைதானத்தில் ஒதுங்குகிறேன். அங்கே ஆறரை அடி மனிதர் ஒருவர் தனியாகப் பந்து தட்டிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் செல்போனை நீட்டுகிறார்.

"அண்ணே, ஒரு வீடியோ எடுத்துத் தாரீங்களா? வீட்ல எடுக்க மாட்டேன்னுட்டா."

கூடைப்பந்துதான் அவர் பிழைப்பு. சீசனுக்கு ஒரு கிளப் என்று நான்கு நாடுகளில் ஆடியிருக்கிறார். ஐந்தாவது நாட்டுக் கிளப் ஒன்று, அவர் இப்போது ஆடுவதை வெட்டாமல் ஒட்டாமல் வீடியோவாகக் கேட்கிறது. மனைவிக்கோ அவர் இனி ஊரோடு இருந்தால் போதும்.

தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் பார்த்துச் சீரியல் பல்பைப் படமெடுத்தவன் நான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஓடி வந்து எம்புகிறார். ஆறு தடவையும் பந்து வளையத்துக்குள் விழுகிறது. நின்று படமெடுக்கும் எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

எடுத்த வீடியோவை இருவரும் பார்க்கிறோம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இடது காலை மட்டுமே ஊன்றுகிறார்.

"வலது முட்டிய நான் காப்பாத்துறது தெரியுதாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணும் தெரியலைங்க."

"நீங்க டீ குடிக்க வந்தவுக, அப்படித்தான் சொல்லுவீங்க. அங்கிட்டு இருக்க கோச்சு மொதல்ல முட்டியத்தான் பாப்பாரு."

"அப்ப இன்னொரு தடவ எடுப்போமா?"

வேண்டாம் என்று தலையாட்டுகிறார். கட்டைவிரல் கொஞ்ச நேரம் திரைக்கு மேலேயே நிற்கிறது. பிறகு அனுப்பிவிடுகிறார்.

"ஆடுனது போதும்னு அந்தக் கிளப்புக்காரங்களே சொல்லட்டும்ணே. எனக்கு வாய் வரல."